ஏற்கெனவே கிளைம் வாங்கியிருக்கிறீர்களா?

முட்டை அட்டை போடுகிற தொழிலில் நாள் முழுக்கத் தண்ணீரில்தான் நிற்கிறோம், ஆனால் பயப்படுவதெல்லாம் நெருப்புக்கு.

ராசிபுரத்துக்கும் நாமகிரிப்பேட்டைக்கும் நடுவே, ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி எங்கள் கம்பெனி. கம்பெனி என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு தகர ஷெட், பேப்பர் அரைக்கிற தொட்டி, இரண்டு அச்சு மிஷின், முன்னால் காயப்போடும் களம், பின்னால் பேப்பர் அம்பாரம். பழைய நியூஸ்பேப்பர், நோட்டு, கல்யாணப் பத்திரிகை, அட்டைப்பெட்டி என்று எது வந்தாலும் ஊறவைத்து, கூழாக்கி, அச்சில் இழுத்து, வெயிலில் காயவைத்தால் முப்பது முட்டை உட்காரும் அட்டை ஆகிவிடும். வாங்கிக்கொள்ளச் சுற்றிலும் கோழிப் பண்ணைகள் இருக்கின்றன. என்னையும் சேர்த்துப் பதினான்கு பேர் வேலை செய்கிறோம்.

போன மாசியில் ஒரு மத்தியானம், பக்கத்துக் காட்டில் மக்காச்சோளக் கட்டைக்கு வைத்த தீயிலிருந்து ஒரு பொறி பறந்து வந்து எங்கள் பேப்பர் அம்பாரத்தில் விழுந்தது. தீயணைப்பு வண்டி வருவதற்குள் அம்பாரம் போய், பின்பக்க ஷெட் போய், ஒரு மிஷினும் போய்விட்டது. ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. பேப்பர் தீ அணைந்த மாதிரிதான் தெரியும், உள்ளே கனன்றுகொண்டே இருக்கும். மூன்று நாள் கிளறிக் கிளறித் தண்ணீர் விட்டோம். நல்லவேளை, இன்சூரன்ஸ் இருந்தது. சர்வேயர் வந்தார், போட்டோ எடுத்தார், எரிந்துபோன பேப்பருக்கு எரியாத பில் கேட்டார், கொடுத்தோம். ஆறு மாதத்தில் பணம் வந்தது. குறை சொல்ல மாட்டேன், நியாயமாகத்தான் கொடுத்தார்கள். ஷெட்டைத் திரும்பப் போட்டு, மிஷினை வாங்கி நிறுத்தியதும், கஷ்டம் முடிந்தது என்று நினைத்தேன்.

உங்கள் கடையோ தறிப்பட்டறையோ குடோனோ ஒரு தடவை எரிந்தோ, வெள்ளம் புகுந்தோ, இன்சூரன்ஸ் பணம் வாங்கிவிட்டு, அடுத்த வருடம் மறுபடி இன்சூரன்ஸ் எடுக்கப் போயிருக்கிறீர்களா? அப்படியென்றால் நீங்களும் நானும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து காத்திருந்தவர்கள். மேற்கொண்டு நான் சொல்வது உங்களுக்குத் தெரிந்த கதைதான்.

வருந்துகிறோம்

எங்கள் ஏஜென்ட் தங்கவேல் அண்ணன் திருச்செங்கோட்டுக்காரர். பதினோரு வருடமாக எங்களுக்கு பாலிசி போட்டுக் கொடுக்கிறவர். கேட்டுக்குள் மொபெட் நுழையும்போதே "அம்மிணி, மோர் இருக்குதுங்களா?" என்று குரல் கொடுப்பார். புரட்டாசியில் ஒரு நாள் வந்தவர் ஒன்றும் கேட்கவில்லை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து என் பக்கம் தள்ளினார். ஐப்பசிக் கடைசியோடு எங்கள் பாலிசி முடிகிறது, அதைப் புதுப்பிக்க இயலாமைக்கு வருந்துகிறோம் என்று இன்சூரன்ஸ் கம்பெனி எழுதியிருந்தது. மொத்தமே ஒரு வரிதான். காரணம் கிடையாது.

"நான் என்னங்கண்ணா தப்புப் பண்ணேன்? தீயை நானா வெச்சேன்?" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. களத்தில் அட்டை அடுக்கிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தங்கவேல் அண்ணனும் பாவம், அவர் என்ன செய்வார்? மேலதிகாரியிடம் இரண்டு தடவை போய்ப் பேசிப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார்:

"பதினோரு வருசம் நீங்க ஒழுங்காக் கட்டுனதை யாரும் பாக்கறதில்லீங்க அம்மிணி, ஒரு தடவை வாங்குனதைத்தான் பாக்கறாங்க."

எனக்கு மேலே ஒருவர்

இன்சூரன்ஸ் இல்லாவிட்டால் என்ன, ஜாக்கிரதையாக இருந்துகொள்வோம் என்று இரண்டு நாள் வீராப்பாக இருந்தேன். மூன்றாம் நாள் பேங்கிலிருந்து போன் வந்தது, புது பாலிசி எப்போது வரும் என்று. எங்கள் தொழிலே பேங்க் கொடுத்திருக்கும் லிமிட்டில்தான் ஓடுகிறது. பேப்பர் வாங்க அதில் எடுப்போம், பண்ணைகளிலிருந்து பணம் வந்ததும் திரும்பப் போடுவோம். சரக்குக்கு இன்சூரன்ஸ் இருக்க வேண்டும் என்பது அதற்கு முதல் நிபந்தனை.

மேனேஜர் ஆத்தூர் பக்கத்துக்காரர், நல்ல மனிதர். தீப்பிடித்த அன்று மத்தியானச் சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு, கம்பெனி எப்படி இருக்கிறது என்று பார்க்க ஓடி வந்தவர். அவரிடம் கடிதத்தைக் காட்டி, இரண்டு மாதம் அவகாசம் கொடுங்கள் என்றேன். கடிதத்தை இரண்டு தடவை படித்தார். அந்த ஒரு வரியைத் தவிர அதில் பார்க்க ஒன்றுமே இல்லை, ஆனாலும் எதையோ தேடுகிற மாதிரி திருப்பித் திருப்பிப் பார்த்தார். பாலிசி முடிகிற நாள்வரைதான் தன் கையில் இருக்கிறது, அதற்கு மறுநாள் கணக்கு தானாகவே நின்றுவிடும் என்றார். பதினான்கு பேருடைய சம்பளம் அதில்தானே என்று கேட்டேன். அவருக்கும் முகம் வாடிவிட்டது.

"எனக்கு மேல ஒருத்தர் இருக்காரு மேடம், அவர்கிட்ட நான் பேசிடுவேன், ஆனா அவருக்கு மேல ஒரு கம்ப்யூட்டர் இருக்கே."

பேனா நிற்கிற இடம்

சேலத்துக்கு பஸ் ஏறினேன். ஒரு வாரத்தில் ஐந்து இன்சூரன்ஸ் ஆபீஸ். எல்லா இடத்திலும் வரவேற்பு பிரமாதம். உட்காருங்கள் என்பார்கள், காபி வரும், ஃபேனை நம் பக்கம் திருப்பி வைப்பார்கள். பெயர், ஊர், என்ன தொழில், எத்தனை வருடம் என்று பேனா வேகமாக ஓடும். முட்டை அட்டை என்றதும் கொஞ்சம் மெதுவாகும். "ஏற்கெனவே கிளைம் வாங்கியிருக்கீங்களா?" என்று கேட்பார்கள். ஆமாம் என்பேன். பேனா நின்றுவிடும். பிறகு அந்தப் பேனாவுக்கு மூடி போட்டு, மேலிடத்தில் கேட்டுவிட்டு போன் செய்கிறோம் என்று எழுந்து நிற்பார்கள். நாமும் எழுந்துதானே ஆக வேண்டும்? நான்கு ஆபீஸில் இதே கதை. ஒருவரும் கடுகடுவென்று பேசவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. யாராவது கோபித்துக்கொண்டால் நாமும் பதிலுக்கு இரண்டு வார்த்தை பேசலாம். வருத்தப்படுகிறவர்களிடம் என்ன பேசுவது?

ஐந்தாவது ஆபீஸில் ஒரு பெண் அதிகாரி. நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். என் சேலை ஓரத்தில் காய்ந்து ஒட்டியிருந்த பேப்பர் கூழைப் பார்த்து, "நீங்களும் வேலை செய்வீங்களா?" என்று கேட்டார். செய்வேன் என்றேன். உள்ளே போய் அரை மணி நேரம் யாரிடமோ போனில் வாதாடினார், கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சிரித்த முகத்தோடு வெளியே வந்தார். பிரீமியம் முன்பு கட்டியதைப் போல மூன்று மடங்கு, ஆனால் தரச் சம்மதித்துவிட்டார்கள் என்றார். எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. அவர் நீட்டிய தாளைக் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு தடவை படித்தேன். நல்லதாகப் போயிற்று. கடைசியில் சின்ன எழுத்தில் ஒரு வரி இருந்தது. இது என்ன என்று காட்டினேன். அவர் சங்கடத்தோடு சொன்னார்:

"பேப்பரைத் தவிர மத்த எல்லாத்துக்கும் கவர் ஆகும் மேடம்."

பயணிகள் யோசனை

எங்கள் வீட்டுக்காரர் முருகேசன் அரசு பஸ்ஸில் கண்டக்டர். சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் நாளைக்கு எத்தனையோ நடை போகிறவர். வீட்டுப் பிரச்சினை எதுவானாலும் முன்சீட்டுப் பயணிகளிடம் கலந்து பேசிவிட்டுத்தான் வருவார். அன்று சாப்பிட உட்கார்ந்ததும், "கலா, வழி கெடைச்சிருச்சு" என்றார். ஆண்டகளூர் கேட் ஸ்டாப்பில் ஏறிய, போர் போடுகிற ரிக் லாரிக்காரர் ஒருவர் சொன்னாராம். கம்பெனியை மூடிவிட்டு, அதே இடத்தில், அதே மிஷினோடு வேறு பெயரில், வேறு ஆள் பெயரில் புதுக் கம்பெனி ஆரம்பித்தால் போதுமாம். புதுக் கம்பெனிக்குப் பழைய கிளைம் ஏது?

எனக்கு எரிச்சலாக வந்தது. ஆனாலும் அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்தபோது சட்டென்று திட்டத் தோன்றவில்லை. எட்டு மாதமாக நான் படுகிற பாட்டைப் பார்த்துவிட்டு, தன்னால் ஒன்றும் செய்ய முடியவில்லையே என்று அவருக்குள் ஒரு வேதனை இருந்தது. வெளியில் காட்டிக்கொள்ள மாட்டார். "சரி, யார் பேர்ல ஆரம்பிக்கலாம்? உங்க பேர்லயே போட்டுடலாமா? பேங்க் கடன், கரண்ட் பில், ஜி.எஸ்.டி. எல்லாம் உங்க பேருக்கு மாறிடும்" என்றேன். தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த கை நின்றது.

"அந்த லாரிக்காரர் டிக்கெட் எடுக்கறப்பவே சில்லறை இல்லாம தகராறு பண்ணுனாரு, அவரு பேச்சைக் கேக்க வேண்டாம் கலா."

ஒரு டிக்

ஐப்பசி பிறந்தது. மழையும் பிடித்துக்கொண்டது. அட்டை காயவில்லை, போன இடத்திலெல்லாம் பதிலும் இல்லை. அந்த நேரம் பார்த்து அயோத்தியாப்பட்டணத்திலிருந்து ஒரு ஏஜென்ட் காரில் வந்து இறங்கினார். யாரோ அனுப்பினார்களாம். மடிக்கணினியைத் திறந்து பத்தே நிமிடத்தில் எல்லாவற்றையும் நிரப்பிவிட்டார். அந்தக் கேள்வி வந்ததும் என்னைக் கேட்கவே இல்லை. தானே 'இல்லை' என்ற கட்டத்தில் டிக் அடித்துவிட்டு அடுத்த பக்கம் போனார். "வாங்கியிருக்கோமுங்களே" என்றேன். "அது வேற கம்பெனி மேடம், இது வேற கம்பெனி. யாரும் தோண்டிப் பாக்க மாட்டாங்க. எல்லாரும் இப்படித்தான் எடுக்கறாங்க" என்றார். திங்கட்கிழமை காலை செக் கொடுத்தால் சாயந்திரம் பாலிசி.

மறைக்காமல் சொல்கிறேன், கையெழுத்துப் போட்டுவிட்டேன். பேங்க் கொடுத்த கெடுவில் பதினெட்டு நாள்தான் மீதி இருந்தது. தப்பு என்று தெரிந்தேதான் போட்டேன். போட்டு முடித்து நிமிர்ந்தால், ஷெட் வாசலில் மாராயி அக்கா நிற்கிறார். கம்பெனி ஆரம்பித்த நாளிலிருந்து எங்களோடு இருக்கிறவர், களத்துக்கு அவர்தான் எல்லாம். அந்த ஆள் போகும்வரை அங்கேயே நின்றார். கார் கேட்டைத் தாண்டியதும் கேட்டார்:

"புகை நாமகிரிப்பேட்டை வரைக்கும் தெரிஞ்சுதே சாமி, அதையப் போயி இல்லைன்னு எழுதிக் குடுத்தா நம்புவாங்களா?"

நல்லசிவம் அண்ணன் சொன்னது

அந்த ஞாயிற்றுக்கிழமை லோடு எடுக்க நல்லசிவம் அண்ணன் வந்தார். பெரிய பண்ணைக்காரர், எங்கள் அட்டையில் பாதி அவருக்குத்தான் போகிறது. வழக்கமாக டிரைவரை அனுப்புவார், அன்று தானே வந்திருந்தார். இன்சூரன்ஸ் கிடைக்காத விஷயம் அவர் காதுக்கும் போயிருக்கிறது. கம்பெனி நின்றுவிடுமோ, வேறு இடம் பார்க்க வேண்டுமோ என்று கேட்கத்தான் வந்தார் என்று புரிந்தது. "நாளைக்கு பாலிசி வந்துருங்கண்ணா" என்றேன். எப்படிக் கிடைத்தது என்று கேட்டார். நானும் ஏதோ சாமர்த்தியம் செய்துவிட்டவள் மாதிரி அந்த டிக் விஷயத்தைச் சொன்னேன்.

அவர் சிரிக்கவில்லை. டிரைவரைத் தள்ளிப்போய் நிற்கச் சொல்லிவிட்டு, லாரி நிழலில் வந்து நின்றார். சில வருடங்களுக்கு முன் சூறைக்காற்றில் அவருடைய ஒரு ஷெட் சாய்ந்து ஆயிரக்கணக்கில் கோழி செத்தது ஊருக்கெல்லாம் தெரியும். இன்சூரன்ஸில் வாங்கியிருப்பார், அவருக்கென்ன என்றுதான் எல்லோரும் பேசினோம். ஒரு பைசா வரவில்லையாம். அதற்கு முந்தி தீவனக் குடோனுக்கு ஒரு சின்ன கிளைம் வாங்கியிருந்தார். புது பாலிசி எடுக்கும்போது ஏஜென்ட் பேச்சைக் கேட்டு அதை மறைத்திருக்கிறார். பணம் கட்டுகிறவரை ஒருவரும் தோண்டவில்லை. பணம் கேட்டபோது தோண்டியிருக்கிறார்கள். வெளியே சொன்னால் அசிங்கம் என்று வீட்டில்கூட முழுதாகச் சொல்லவில்லை என்றார். லாரியின் பலகையைத் தடவிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"இல்லைன்னு ஒரு டிக் போட்டதுக்கு எனக்கு ஒரு ஷெட்டே போச்சுங்க, உங்களுக்கு இருக்கறதே ஒரு ஷெட்டுதான்."

சிவப்பு வாளி

அவர் போனதும் அயோத்தியாப்பட்டணத்துக்கு போன் போட்டு, படிவத்தை அனுப்ப வேண்டாம் என்றேன். அந்த ஆள் என்னைப் பிழைக்கத் தெரியாதவள் என்று சொல்லவில்லை, ஆனால் அந்த மாதிரி ஒரு மூச்சு விட்டார். அடுத்த போன் தங்கவேல் அண்ணனுக்கு. ஒன்றையும் மறைக்காமல் சொல்லி அழுதேவிட்டேன். மறுநாள் காலை எட்டு மணிக்கே வந்துவிட்டார். அவருக்கும் ஒரு வாரமாகத் தூக்கம் இல்லை, வேறொரு கம்பெனியில் அவர் சிநேகிதர் ஒருவரிடம் பேசிவைத்திருந்தார். "அம்மிணி, அவங்க கேட்டு நாம சொல்றதுதான் தப்பாப் போவுது. அவங்க கேக்கறதுக்கு முந்தி நாமளே அத்தனையும் எடுத்து வெச்சுருவோம்" என்றார். எரிந்த அன்று எடுத்த போட்டோ, சர்வேயர் ரிப்போர்ட், ஏன் எரிந்தது, அதற்குப் பிறகு நாங்கள் என்ன மாற்றினோம் என்று எல்லாம் ஒரே ஃபைலில்.

மாற்றினால்தானே எழுத முடியும்? அந்தப் பத்து நாள் கம்பெனியைத் தலைகீழாகப் புரட்டினோம். ஒரே அம்பாரமாகக் கிடந்த பேப்பரை மூன்றாகப் பிரித்து, நடுவில் லாரி போகிற அளவுக்கு இடம் விட்டோம். பழைய வயரையெல்லாம் உருவிப்போட்டுப் புதிதாக இழுத்தோம். கூழ்த் தொட்டித் தண்ணீரை நேராக அம்பாரத்துக்குத் திருப்ப ஒரு டீசல் பம்பும் குழாயும் வைத்தோம். கரண்ட் போனாலும் ஓட வேண்டுமே. தீயணைப்பு சிலிண்டர் ஆறு வாங்கி மாட்டினோம். சிவப்பு வாளிகளில் மணல் நிரப்பி வரிசையாக வைத்தோம். தீயணைப்பு நிலையத்திலிருந்து ஒருவர் வந்து எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்தார். வாளியைத் தினமும் சரிபார்க்கும் வேலை மாராயி அக்காவுக்கு. மூன்றாம் நாள் வந்து நின்றார்.

"தீ வருதோ இல்லியோ சாமி, அந்த மண்ணுக்குத் தெனமும் பூனை வந்துட்டுப் போவுது."

பத்தடி

ஒன்று மட்டும் பாக்கி இருந்தது. தங்கவேல் அண்ணன் அதைச் சொல்லத் தயங்கினார். எங்கள் பின்வேலியை ஒட்டி அந்தப் பக்கம் பத்தடிக்குச் செடியோ சருகோ இல்லாமல் வெறும் மண்ணாக இருந்தால் நல்லது என்று அந்தச் சிநேகிதர் சொல்லியிருக்கிறார். அந்தப் பக்கம் செங்கோடன் அண்ணனின் காடு. பொறி வந்தது அங்கிருந்துதான். எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். சர்வேயர் கேட்டபோது, அன்று இரண்டு மூன்று காடுகளில் எரித்துக்கொண்டிருந்தார்கள் என்று சொன்னேன். அது நிஜம்தான். எந்தக் காட்டுப் பொறி என்று யாரும் துருவவில்லை, நானும் சண்டைக்குப் போகவில்லை. ஆனால் அன்றிலிருந்து எங்களுக்குள் பேச்சு நின்றுவிட்டது. எங்கள் கேட் வழியாகப் போனால் அவர் மண்ணைப் பார்த்துக்கொண்டு போவார். கீரையும் வெண்டைக்காயும் கொண்டுவந்து கொடுக்கும் அவர் மனைவியும் வருவதை நிறுத்திவிட்டார்.

வேறு வழியில்லை, போனேன். வாசலில் என்னைக் கண்டதும் அவர் எழுந்து நின்ற விதம் இன்னும் கண்ணில் இருக்கிறது. எட்டு மாதமாகக் காத்திருந்த ஒரு அடி இன்றைக்கு விழப்போகிறது என்கிற மாதிரி நின்றார். "அண்ணா, ஒரு உதவி" என்றேன். விஷயத்தைச் சொன்னேன். பத்தடி மண்ணை விட்டுக்கொடுங்கள் என்று ஒரு விவசாயியிடம் கேட்பது லேசான காரியமா? அதற்கு வாடகை மாதிரி ஏதாவது கொடுத்துவிடுகிறேன் என்றும் சொன்னேன். அவர் அதைக் காதில் வாங்கவே இல்லை. "பத்தடி போதுமுங்களா அம்மிணி?" என்று மட்டும் கேட்டார். மறுநாள் மழை விட்ட நேரத்தில் டிராக்டர் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். வேலியை ஒட்டி இருபதடிக்கு உழுது, ஒரு துரும்பில்லாமல் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள், அவரும் அவர் மனைவியும். நான் வேலியோரம் போய் நின்றதும் டிராக்டரை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"அன்னிக்கே நீங்க வந்து நாலு வார்த்தை திட்டியிருந்தா, எனக்கு இத்தனை நாளும் தூக்கம் வந்திருக்குமுங்க அம்மிணி."

இன்ஜினியர் கேட்ட கேள்வி

பாலிசி முடிய ஐந்து நாள் இருக்கும்போது அந்த இன்சூரன்ஸ் கம்பெனியின் இன்ஜினியர் பார்க்க வந்தார். அன்று பார்த்து அடைமழை. களத்தில் கணுக்கால் தண்ணீர், ஷெட்டுக்குள் ஈர அட்டை, எங்கள் தலையெல்லாம் ஈரம். அந்தக் கோலத்தில் பார்த்தால் அது தீப்பிடிக்கக்கூடிய இடம் என்று யாருக்கும் தோன்றாது. ஆனால் அவர் ஏமாறுகிற ஆள் இல்லை. குடையோடு வேலிவரை போய்ப் பார்த்தார். டீசல் பம்பை ஓட்டிக் காட்டச் சொன்னார். ஸ்விட்ச் பெட்டி ஒவ்வொன்றையும் திறந்தார். என் ஃபைலைப் பிரித்து எரிந்த போட்டோக்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

கடைசியில் என்னை விட்டுவிட்டு மாராயி அக்காவைக் கூப்பிட்டார். தீப்பிடித்தால் முதலில் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். அக்கா அசரவில்லை. "மெயினை ஆஃப் பண்ணிட்டு, எல்லாரையும் கேட்டுக்கு வெளிய கூட்டியாந்து எண்ணுவேனுங்க. பதினாலு தலை இருக்கோணும்" என்றார். சிலிண்டரைத் தூக்கி, பின்னை உருவி, ஒரு பீய்ச்சுப் பீய்ச்சிக் காட்டினார். இன்ஜினியருடைய ஒரு ஷூ வெள்ளையாகிவிட்டது. அவர் அதைக் கண்டுகொள்ளாமல், "அப்புறம்?" என்றார். அக்கா என்னைக் கையைக் காட்டி, "அப்புறம் இவங்களைப் புடிச்சு நிறுத்துவேனுங்க. போன தடவை மிஷினைக் காப்பாத்தறேன்னு உள்ள ஓடுனாங்க, முந்தானையைப் புடிச்சு இழுத்துட்டு வந்தேன்" என்றார். நான் யாரிடமும் சொல்லாத விஷயம் அது. என் வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாது. இன்ஜினியர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அக்கா விடவில்லை.

"மிஷினுக்காச்சும் இன்சூரன்ஸ் இருந்துச்சுங்க, இவங்களுக்கு என்ன இருக்குது?"

கற்பூரம்

ஐப்பசி முடிய இரண்டு நாள் இருக்கும்போது தங்கவேல் அண்ணன் பாலிசியோடு வந்தார். பிரீமியம் கூடுதல்தான், மூன்று மடங்கு இல்லை. நஷ்டம் வந்தால் முதல் ஒரு பங்கு எங்கள் தலையில். அம்பாரம் ஆள் உயரத்துக்கு மேல் போகக்கூடாது. ஆனால் பேப்பர் உண்டு. பேப்பர் என்ற வார்த்தை இருக்கிறதா என்று இரண்டு தடவை விரல் வைத்துப் பார்த்தேன். கிளைம் வாங்கியதும் அதில் எழுதியிருந்தது, மறைக்காமல், முதல் பக்கத்திலேயே. ஏனோ அதைப் பார்த்ததும்தான் மூச்சு சீராக வந்தது. பேங்க் மேனேஜருக்கு போட்டோ எடுத்து அனுப்பினேன். அரை நிமிடத்தில் கைகூப்பின படம் ஒன்று திரும்பி வந்தது.

வேலையாட்களுக்கெல்லாம் சொன்னேன். மிஷினை ஐந்து நிமிடம் நிறுத்திவிட்டு டீ குடித்தோம். யாரோ ஓடிப்போய் ஒரு தேங்காயும் கற்பூரமும் வாங்கி வந்து, பேப்பர் அம்பாரத்துக்கு முன்னால் வைத்துப் பற்றவைக்கப் போனார்கள். தங்கவேல் அண்ணன் டீ டம்ளரை அப்படியே வைத்துவிட்டு எழுந்து ஓடினார்.

"தேங்காயை மட்டும் ஒடைங்க சாமி, கையெழுத்துக் காயறதுக்குள்ள இன்னொரு கிளைமைக் கெளப்பீராதீங்க!"

எங்கள் கம்பெனியில் இனிமேல் தீயே பிடிக்காது என்று நாங்கள் நிரூபித்துக் காட்டிய பிறகுதான், தீப்பிடித்தால் பணம் தருகிறோம் என்று அவர்கள் எழுதிக் கொடுத்தார்கள்.